தடைக்காலத்தில் ஏறிய முதுகுவலி

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சாக்குச் சொல்லப்போவதில்லை. மாலை ஐந்துக்கு பிசியோதெரபி கிளினிக்கைத் திறந்தால் ஒன்பதரைக்குத்தான் ஷட்டரை இறக்குகிறேன். தென்காசியில் முதுகை இழுத்துவிட நீ புதுசாக வாங்கிய டிராக்‌ஷன் டேபிளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், சந்தோஷம். என் டேபிள் இன்னும் அதே கிறீச்சுதான். "கரண்டு மட்டும் வைங்க சார், போதும்" என்று வருகிறவர்களும் குறையவில்லை.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பையனை நான் கோட்டை விட்டேன்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன், 26 வயசு. ஜனவரியில் இடுப்புவலி என்று வந்தான். கையில் எம்.ஆர்.ஐ., டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். சுமை தூக்குகிறவன், டிஸ்க் பிதுக்கம், வேறென்ன வேண்டும்? ஐ.எஃப்.டி. என்கிற கரண்டு சிகிச்சை, டிராக்‌ஷன், பயிற்சி என்று ஆரம்பித்துவிட்டேன். வரும்போது விறைப்பாக வருவான். பயிற்சி முடிந்ததும் "லேசாயிடுச்சு சார்" என்று போவான். எல்லாம் நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாளைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அவனுக்கும் தூக்குகிற வேலை இல்லை. முதுகுக்கு நல்ல ஓய்வு, ஜூனில் புது ஆளாக வருவாய் என்று சொல்லி அனுப்பினேன். மே கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். "வீட்ல சும்மாதான் சார் கிடக்கறேன். அப்பதான் ஜாஸ்தியா இருக்கு. விடிகாலை மூணு மணிக்கு எழுப்பிவுட்டுடுது. எழுந்து நாலு நடை நடந்தாதான் தேவல."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சுமையால் வந்த வலி என்றால் ஓய்வில் அடங்க வேண்டும். இது ஓய்வில் ஏறுகிறது, அசைந்தால் இறங்குகிறது, பின்னிரவில் ஆளை எழுப்புகிறது. சாயங்காலம் சாயங்காலம் பயிற்சி செய்து லேசாகிப் போனானே, அதுவே அடையாளம்தான். நான்தான் அதை என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து டெய்லரிடம் டேப் வாங்கி வந்தேன். இடுப்புக் குழிகளுக்கு நேரே ஒரு கோடு, அதற்கு மேலே 10 செ.மீ.யில் இன்னொன்று. குனியச் சொன்னேன். வைவாவில் உன்னைப் போட்டு வறுத்தார்களே, அதே ஷோபர் டெஸ்ட், கீழ்முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளப்பது. 15-ஐத் தொட வேண்டிய இடைவெளி 12-ஐத் தாண்டவில்லை. கீழ்முதுகு பலகை மாதிரி நின்றது, குனிந்ததெல்லாம் தொடை மூட்டில் இருந்துதான். வலி ஒரு வாரம் வலது பிட்டத்தில், மறுவாரம் இடதில் என்று மாறுமாம். கேட்டிருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பான்.

கூட வந்த அவன் அம்மா கிளம்பும்போது சொன்னார்: "இவனுக்கு வருசத்துக்கு ரெண்டு வாட்டி மெட்ராஸ் ஐ வேற வந்துடுது தம்பி." ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? ஒரு கண்தான். பீளை தள்ளியதா? இல்லை, வெளிச்சம் பட்டால் கூசும், வலிக்கும். வீட்டில் வேறு யாருக்காவது? யாருக்கும் இல்லை. மெட்ராஸ் ஐ ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒருத்தரோடு நிற்குமா மச்சான்? யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள்ளே அழற்சி, என்று பிறகு கண் டாக்டர் உறுதி செய்தார்.

சென்ட்ரல் எதிரே ஜி.எச். ருமட்டாலஜிக்கு, அதாவது மூட்டுவாதப் பிரிவுக்கு, அனுப்பினேன். பழைய எம்.ஆர்.ஐ. லம்பார், அதாவது கீழ்முதுகு, மட்டும்தான். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டுக்குத் தனியாக எடுத்தபோது அழற்சி தெரிந்தது. முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதம், ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். இந்த நோயோடு சேர்த்துப் பேசப்படும் மரபணு அடையாளமான எச்.எல்.ஏ. பி27-ம் பாசிட்டிவ். அது இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை, அதனால் அதை மட்டும் பார்த்து யாரையும் பயமுறுத்தாதே. மருந்து போகிறது, விடிகாலைத் தூக்கம் திரும்பியிருக்கிறது. பயிற்சிக்கு என்னிடம்தான் வருகிறான். பீடியை விட்டுவிட்டேன் என்கிறான், சட்டை வேறு கதை சொல்கிறது.

இப்போது யார் வந்தாலும் முதலில் அவர்களுடைய காலைப்பொழுதைக் கேட்கிறேன். "விறைப்பு எத்தனை நிமிஷம் இருக்கும்?" என்றால் "கொஞ்ச நேரம்" என்பார்கள். கடிகாரம் பார்த்துக்கொண்டா எழுகிறார்கள்? அதனால் எழுந்தது எப்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியது எப்போது, சட்டை பட்டன் போட்டது எப்போது என்று கேட்கிறேன். முழங்கால் தேய்மானக்காரர்கள் பால் வாங்கப் போவதற்குள் சரியாகிவிடுகிறார்கள், அரை மணி தாண்டுவதில்லை.

திருவொற்றியூர் கோயில் பக்கம் பூ கட்டும் அக்கா ஒருவர், "ஃப்ரோசன் ஷோல்டர்" என்ற சீட்டோடு வந்தார். எழுவது நாலரைக்கு. "ஏழு மணிக்கு மேலதான் நாரு விரலுக்கு அடங்குது" என்றார். கையை மடக்கச் சொன்னேன், கணுக்களுக்கு நடுவே தெரிய வேண்டிய பள்ளம் இரண்டு கையிலும் இல்லை. கை குலுக்குவது போல லேசாக அழுத்தினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காலைப் பார்த்தால் மெட்டி இல்லை. "இறுக்கிப் புடிச்சுச்சு, ஆசாரிகிட்ட அறுத்து எடுத்துட்டேன். நடந்தா கூழாங்கல்லு மேல நடக்கற மாதிரி இருக்கு." இரண்டு வருஷத்துக்கு முன் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்று நினைத்திருக்கிறார். அது மாதக்கணக்கில் மூட்டை விடாது என்பது உண்மைதான், அதனாலேயே இங்கே பலருக்கும் அந்தச் சமாதானம் போதுமாகிவிடுகிறது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வாதம் இல்லை என்று எங்கேயோ சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாமே! எந்தெந்த மூட்டு வீங்கியிருக்கிறது, காலையில் எத்தனை மணி நேரம் என்று கடிதத்தில் எழுதி அனுப்பினேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை மாத்திரையைத் தினமும் விழுங்கிவிடப்போகிறாரே என்று காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டுக் கொடுத்தேன்.

இப்படி அனுப்பும்போது பத்து சிட்டிங் காசு போகிறதே என்று மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போடத்தான் செய்கிறது. உனக்குப் போடாது என்றால் நம்ப மாட்டேன்.

சரி, உன் தம்பி விஷயம். இரண்டு குதிகாலும் எட்டு மாதமாக வலி, டேப்பிங், அல்ட்ராசவுண்ட், ஹீல் பேட் எதற்கும் மசியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். 29 வயசு, ஒல்லி, உட்கார்ந்து பார்க்கும் வேலை. எனக்கு இடிக்கிறது, சொரியாசிஸ் என்ற தோல்நோயோடு வரும் மூட்டுவாதமாக இருக்குமோ என்று. அவன் தலையில் உதிர்வதைப் பொடுகு என்று கேலி செய்வோமே, காதுக்குப் பின்னால், முழங்கையில், தொப்புளில் செதில் இருக்கிறதா பார். நகத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கிறதா? எப்போதாவது ஒரு கால்விரல் மட்டும் முழுசாக உப்பி நின்றதா? கேட்டால் மழுப்புவான், ஒருநாள் அவன் எழுகிற நேரத்துக்குப் பக்கத்தில் இருந்து நீயே பார். பார்த்ததை எழுது. போன் என்றால் ஒன்பதரைக்கு மேல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்