வெறும் வயித்தோட கிளம்பு

பண்ணைக்காடு,
ஞாயிறு ராத்திரி

செல்விக்கு அம்மா எழுதறது.

போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவ. அதான் எழுதறேன்.

பாப்பாவுக்கு 14 மாசம் ஆச்சு. மாசமா இருக்கையில உனக்குச் சர்க்கரை வந்துச்சுல்ல, பிரசவமாகி ஆறு வாரத்துல வந்து அதை மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டரம்மா எழுதின சீட்டு இன்னும் உன் ஃபைல்லயேதான் கிடக்கு, போன தடவை வந்தப்ப பார்த்தேன். கேட்டா, "வீட்டு மிஷின்ல காலையில வெறும் வயித்துல குத்திப் பார்த்தேன், 112தான், எல்லாம் போயிருச்சு"ங்கற. வெறும் வயித்துல 112ன்னா அது போனதில்லடி, வாசல்ல நிக்குது. நூறுக்குள்ள இருக்கணும்.

வயித்துல பிள்ளை இருக்கையில நஞ்சுக்கொடியில சுரக்கற ஹார்மோன், ரத்தத்துல சர்க்கரையை இறக்கற இன்சுலினை வேலை செய்ய விடாதாம். எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். கணையம் இன்சுலினைக் கூடுதலாச் சுரந்து ஈடுகட்டணும், உன்னுது கட்டல. நஞ்சு விழுந்ததும் பாரம் இறங்கிருச்சு, அவ்வளவுதான். உங்கப்பா இதைக் கேட்டுட்டு, "வாழைத்தார் ஏத்திட்டு மலை ஏறையில சூடாகி நின்ன இஞ்சினு, கீழ வத்தலக்குண்டுல வெறும் வண்டியா ஜோராத்தான் ஓடும். அதை வச்சு நல்ல இஞ்சின்னு சொல்ல முடியுமா?"ன்னாரு. மனுசன் எதையும் ஜீப்பை வச்சுத்தான் பேசுவாரு, ஆனா தப்பாச் சொல்லல. கர்ப்பத்துல சர்க்கரை வந்தவங்களுக்குப் பின்னால நிரந்தரமா வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஏழு மடங்குக்கு மேல. போதாக்குறைக்குப் பெத்தவளுக்கும் இருக்கு.

ஒல்லியா இருக்கேன், எனக்கு வராதுங்கற. மலையில ஏறி இறங்கறவளுக்கு வராதுன்னு நானும்தான் இருந்தேன். நீ பிறந்தப்ப நாலேகால் கிலோ. தெருவே வந்து பார்த்துச்சு, பாட்டி மூணு நாளு திருஷ்டி கழிச்சா. எனக்கு யாரும் சர்க்கரை பார்க்கல. இப்ப மாதிரி மாசமா இருக்கறவளுக்கெல்லாம் குளுக்கோஸ் தண்ணி குடுத்துப் பார்க்கற வழக்கம் அப்ப இங்க இல்ல. 15 வருசம் கழிச்சு மிளகு பறிக்கப் போயி கால்ல குத்தின முள்ளுப் புண்ணு ரெண்டு மாசமா ஆறல. அப்பதான் பார்த்தாங்க, 310. நீ அவ்வளவு கனமாப் பிறந்ததே மொத அறிகுறியா இருந்திருக்கும்னு உன் டாக்டரம்மா சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

எனக்கு ஆத்தாமை என்னன்னா, ஏழாம் மாசத்துல இருந்து நீ இருந்த இருப்பைப் பார்த்தவ நான். சோத்தைக் கரண்டியில அளந்து தின்ன. நாளுக்கு நாலு தடவை விரலைக் குத்தி நோட்டுல எழுதின. நம்ம மலைவாழைப்பழத்தைக்கூட பாதியா நறுக்கின. பாப்பா பிறந்த மறுநாளே அந்த நோட்டை மூடிட்ட. பிள்ளைக்குன்னா முடிஞ்சது, உனக்குன்னா மனசு வரல. இப்ப பாப்பா மிச்சம் வைக்கற பருப்புச்சோறு, பிஸ்கட்டு எல்லாம் உன் வாய்க்குத்தான் போகுது. சம்பந்தியம்மா, கருப்பட்டிதானே ஒண்ணும் செய்யாதுன்னு லேகியம் கிண்டித் தர்றாங்க. நல்ல மனசுதான். ஆனா கருப்பட்டியும் ஏத்தும், நான் அனுப்பின மலைத்தேனும் ஏத்தும் (அது என் தப்பு, மாப்பிள்ளைகிட்ட குடுத்துரு). இன்னும் தாய்ப்பால் குடுக்கற பாரு, அது நல்லது, உனக்கும் சேர்த்து நல்லதாம். ராத்திரி சாப்பிட்டதும் பாப்பாவைத் தூக்கிட்டு மாடியில கால் மணி நேரம் நட.

வெள்ளிக்கிழமை நான் வர்றேன். சனிக்கிழமை காலையில லேப்புக்குப் போற. மொத ரத்தம் எடுத்துட்டு 75 கிராம் குளுக்கோஸ் குடுப்பாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க. 112ஐச் சொல்லிட்டு, டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதைக் கேளு. ரெண்டாவது தடவை எடுத்தது 140க்குள்ள வந்தாலும் வருசா வருசம் பார்க்கணும். அடுத்தது ஒண்ணு பெத்துக்கற எண்ணம் இருந்தா அதுக்கு முன்னாடியும் பார்க்கணும்.

பாப்பாவை நான் பார்த்துக்கறேன். நம்ம காட்டுக் காப்பித்தூள் அரைச்சு வச்சிருக்கேன். ரெண்டாவது ரத்தமும் குடுத்துட்டு வா, போட்டுத் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வாய்கூடக் கேக்காத.

அம்மா