மணல் லாரியும் மேளச் சத்தமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறாதே. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் சுகம். பேரன் தொடக்கநிலை ஐந்துக்குப் போய்விட்டான். அவனுடைய தமிழ்ப் பாடத்துக்காகத் தமிழ் முரசில் வரும் செய்திகளை வெட்டி ஒட்டித் தருவது என் வேலை. கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் உன் அப்பா நினைவுக்கு வருகிறார். கடற்படைத் தள வேலை முடிந்து வந்ததும், செம்பவாங் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து நம் இருவரையும் முரசைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாரே. நீங்கள் ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் போன பிறகு எனக்கு அந்த வாசிப்பு நின்றுபோனது. அது 1971. இங்கே ஒரே மாதத்தில் இரண்டு ஆங்கில நாளிதழ்கள் மூடப்பட்டு, ஒரு சீன நாளிதழின் பொறுப்பாளர்கள் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்ட வருடமும் அதுதான். நமக்கு அப்போது அதெல்லாம் எங்கே தெரிந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆற்றில் இரவில் மணல் அள்ளும் லாரிகளைப் பற்றி நீ எழுதிய செய்தியை, விளம்பரம் தருகிறவர் மனம் கோணும் என்று அலுவலகத்தில் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். முப்பது வருடம் பகுதிநேர நிருபராக அலைந்தவனுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வலியில்தான், ‘உங்கள் ஊரில் கட்டுப்பாடு இருந்தாலும் பொய்யாவது குறைவு, அதுவே தேவலை’ என்று முடித்திருக்கிறாய். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் சொல்கிறேன், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்து.

2015 தைப்பூசம் நினைவிருக்கிறதா? ஊர்வலத்தில் மேளம் அடித்ததில் காவலர்களுக்கும் பக்தர்களுக்கும் தகராறாகி மூன்று பேர் கைதானார்கள். நம் திருவிழாவில் நம் மேளத்துக்கு ஏன் தடை என்ற ஆதங்கம் எங்களுக்குப் பல வருடமாக இருந்தது. அந்தச் சமயத்தில் ‘தி ரியல் சிங்கப்பூர்’ என்ற இணையதளத்தில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு பிலிப்பினோ குடும்பம் சத்தம் தாங்காமல் புகார் செய்ததால்தான் எல்லாம் நடந்தது என்று எழுதியிருந்தார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன்.

அது பொய். அப்படி ஒரு குடும்பமே புகார் செய்யவில்லை. ஆனால் என் மாடியில், நான்கு வீடு தள்ளி, ஒரு பிலிப்பினோத் தாதி இருந்தார். அந்த ஒரு வாரம் மின்தூக்கியில் அவர் ‘குட் மார்னிங்’ சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அந்தத் தளம் மூடப்பட்டது. இந்தக் கட்டுரை உட்படப் பலவற்றுக்காக அதை நடத்திய இருவர் 2016-ல் சிறை சென்றார்கள். அந்தத் தாதியிடம் நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் வீடு மாறிப்போய்விட்டார். அது இன்றும் என் மனசில் கிடக்கிறது.

ஆக, கட்டுப்பாடு இருக்கும் ஊரிலும் பொய் ஓடும், நண்பா. வாசகனுக்கு ஏற்கெனவே ஒரு குறை இருந்து, அதைப் பேச இடம் போதாமல் இருந்தால் பொய் இன்னும் வேகமாக ஓடும். அடுத்த வருடமே ஊர்வலப் பாதையில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி தந்தார்கள். அந்த ஆதங்கத்தை முன்பே நாளிதழ்களில் வருடக்கணக்கில் தாராளமாகப் பேசித் தீர்த்திருந்தால், அந்தக் கட்டுரையை நான் அப்படி விழுங்கியிருப்பேனா?

இங்கே மூத்தவர்களிடம் இதைச் சொன்னால் உடனே 1950-க்குப் போய்விடுவார்கள். மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியை மலாய் முஸ்லிம் குடும்பம் வளர்த்தது, நீதிமன்றம் பெற்றவர்களிடம் கொடுக்கச் சொன்னது. அவளைக் கன்னிமாடத்தில் வைத்திருந்தபோது, மாதா சிலைக்கு முன்னால் நிற்பது போன்ற படங்களை நாளிதழ்கள் போட்டன. அதைப் பார்த்து முஸ்லிம்கள் கொதித்தெழ, வெடித்த கலவரத்தில் 18 பேர் செத்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, நான் அதை அலட்சியப்படுத்த மாட்டேன். படம் பொய்யில்லை, உண்மைப் படம்தான். அச்சுக்கு அனுப்பும்முன் ஒருவர் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பயத்தின்மேல் கட்டிய சட்டங்களைப் பார். 1974 சட்டப்படி இங்கே நாளிதழுக்கு வருடா வருடம் உரிமம் வேண்டும். நாளிதழ் நிறுவனத்தில் நிர்வாகப் பங்கு என்று ஒரு வகை உண்டு. யாரை நியமிப்பது, யாரை நீக்குவது என்ற வாக்கெடுப்பில் அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 வாக்கு. அதை வைத்திருப்பவருக்கு அரசாங்க ஒப்புதல் வேண்டும். அப்புறம் 2019-ல் இணையப் பொய்களுக்கு எதிராக பொஃப்மா என்ற சட்டம் வந்தது. ஒரு தகவல் பொய் என்று அமைச்சர் முடிவெடுத்துத் திருத்தக் குறிப்பு போடச் சொல்லலாம். எழுதியவர் முதலில் அமைச்சரிடமே முறையிட வேண்டும், அவர் மறுத்தால்தான் உயர் நீதிமன்றம். திருத்தக் குறிப்பு நல்ல விஷயம். 2015-ல் அப்படி ஒன்று உடனே வந்திருந்தால் நான் முகத்தைத் திருப்பியிருக்க மாட்டேன். ஆனால் அமைச்சரின் துறையைப் பற்றியே ஒருவர் எழுதியிருக்கும்போது முதல் தீர்ப்பு அவர் கையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2025 பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் சிங்கப்பூர் 123, இந்தியா 151. இரண்டு பேருக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் உன் ஊரில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது, அதை நீ மறந்துவிட்டாய். 1994-ல் நக்கீரன் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இருபது வருடத்துக்கு முன் நீதானே எனக்கு எழுதினாய்? அரசாங்கம் ஒரு எழுத்தை முன்கூட்டித் தடுக்க முடியாது. அதிகாரி தன் அலுவலகக் கடமை பற்றி வந்த எழுத்துக்கு நஷ்டஈடு கேட்டால், எழுதியவர் தகுந்த முறையில் சரிபார்த்துத்தான் எழுதினேன் என்று காட்டினால் போதும். சுதந்திரமும் பொறுப்பும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. சரிபார்ப்பது நிருபரின் கையில்தான் இருக்கிறது. அதற்கு யாருடைய உரிமமும் வேண்டாம்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய பிரதியை இரண்டு முறை படித்தேன். லாரிகளின் எண், தேதி, நேரம், கரை சரிந்த இடம் எல்லாம் இருக்கிறது. லாரிக்காரர் என்ன சொன்னார், வட்டாட்சியர் அலுவலகத்தில் என்ன பதில் தந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டாயா? கேட்டிருந்தால் அதையும் சேர்த்து, வேறு பத்திரிகைக்கு அனுப்பு. கேட்கவில்லை என்றால் கால் ஆறியதும் போய்க் கேள். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

உன் செம்பவாங் வகுப்புத்தோழன்