அக்காவுக்கு, பெட்டியில் பாதி திரும்பி வருகிறது

அக்கா,

எங்கள் குழந்தைக்கு நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் பாதி நாளை உன் வீட்டுக்குத் திரும்பக் கிளம்புகிறது. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நாம் தொலைபேசியில் பேசினால் எப்படி முடியும் என்பதைப் போன முறை பார்த்துவிட்டோம். அதோடு, அந்த ஆம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) மணிமாலையைப் படம் எடுத்து, “என் தம்பி குழந்தைக்கு, முழுக்க முழுக்க இயற்கை” என்று ஊரறியப் போட்டது நீதான். எங்கே வாங்கினீர்கள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்! அவர்களில் சிலராவது இதையும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

மாலையிலேயே தொடங்குகிறேன். ஆம்பர் உடல் சூட்டில் சக்சினிக் அமிலத்தை விடுமாம், அது தோல் வழியே இறங்கிப் பல் முளைக்கும் வலியைத் தணிக்குமாம். அதற்கு நம்பத்தகுந்த சான்று ஒன்றும் கிடையாது. பகல் தூக்கத்தில் இப்படிப்பட்ட மாலை கழுத்தை இறுக்கிப் பதினெட்டு மாதக் குழந்தை இறந்ததற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான நகைகளே வேண்டாம் என்று எச்சரித்தபோது அந்த மரணத்தையும் சொன்னது. நூல் அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும், அறாவிட்டால் கழுத்து சிக்கும். இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

குட்டித் தலையணையும், தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் வருகின்றன. பஞ்சு பூச்சிமருந்து இல்லாமல் விளைந்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். இருக்கட்டும். மூக்கைப் புதைத்துக்கொண்ட பச்சைக்குழந்தைக்கு அது எந்த வயலில் விளைந்த பஞ்சு என்பதால் என்ன ஆகப்போகிறது? சமமான, உறுதியான மெத்தை, அதன் மேல் இறுக்கமாக ஒரு விரிப்பு, மல்லாந்த நிலையில் குழந்தை. தொட்டிலில் வேறொன்றும் கூடாது. குழந்தையை மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று அமெரிக்காவில் 1994-ல் இயக்கமாகவே சொல்லத் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, படுக்கவைத்த விதம்தான்.

யூகலிப்டஸ், லாவெண்டர் எண்ணெய்ப் புட்டிகளும் வருகின்றன. யூகலிப்டஸ் எண்ணெய் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். “நான் உபயோகித்தேனே, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று” என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. உன் மேல் கோபம் ஏறும்போதெல்லாம் அந்த இரவு குறுக்கே வந்து நிற்கிறது.

உன் பிள்ளைக்குத் தொடையிடுக்கு முழுவதும் சிவந்து தோல் உரிந்துகிடந்தது. துடைத்தாலே அலறினான். அவன் அலற அலற நீ இன்னும் மெதுவாக, இன்னுமொரு ஈரத் துடைப்பான் எடுத்துத் துடைத்தாய். திடீரென்று கை நின்றது. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து பாக்கெட்டைத் திருப்பினாய். முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை, ஒரு நீர்த்துளி, “மிக மென்மையானது” என்ற வரி. பின்பக்கத்தில் கண்ணுக்கே எட்டாத பொடி எழுத்து. நீ அசை அசையாகப் பிரித்து வாசித்தாய், நான் கைப்பேசியில் தட்டினேன். மெத்தில், ஐசோ, தயசோ, லினோன். தப்புத் தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, கடைசியில் கிடைத்தது: துடைப்பான் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி நிபுணர்களின் சங்கம் அதற்கு 2013-ல் “இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்” என்று பட்டமே கொடுத்திருந்தது. “இதற்கெல்லாம் கூடவா பட்டம் கொடுப்பார்கள்?” என்று கேட்டாய். சிரித்தாய். அழுகையும் கூடவே வந்தது. தோலில் தடவி, கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் பின்னால் தடை போட்டது. துடைப்பானின் ஈரத்தை மட்டும் யார் கழுவுகிறார்கள்?

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான நீரும் பருத்தித் துணியும்தான். புண் ஆறத் தொடங்கியது. மருந்து எழுதிக் கொடுத்தவர் கேட்காத கேள்வியை நீ கேட்டாய். அந்த வருடம் உன் வீட்டில் வேறு என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்தத் தரையில் நம் இருவரைத் தவிர வேறு யாரும் வந்து உட்காரவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதையும் சொல்லாமல் விட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

அன்று நீ செய்தது ஒரு குறிப்பிட்ட பொருளின் மேல் குறிப்பிட்ட சந்தேகம். அந்தக் கூர்மை எங்கே போயிற்று, அக்கா? வாயில் நுழையாத பெயரெல்லாம் விஷம், மண்ணிலிருந்து வந்ததெல்லாம் அமுதம் என்று எப்போது முடிவுகட்டினாய்? டோகோஃபெரால் என்றால் முகம் சுளிப்பாய். அது வைட்டமின் ஈ. தேனில் எந்தத் தொழிற்சாலையின் கையும் படவில்லை. ஆனாலும் மண்ணில் வாழும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் எங்கள் அலமாரி. நீ வந்திருந்தபோது அதைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, குப்பைக் கூடையில் போட்டாய். அந்தப் பெட்ரோலியம் ஜெல்லியையும் போட்டாய். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, அழுக்கு நீக்கிச் சுத்திகரித்தது, ஒவ்வாமை வருவது மிக அரிது. டயப்பர் படும் இடத்தில் ஈரம் அண்டாமல் காக்க அதைவிட எளியது ஏது? “பெட்ரோல்” என்ற முதல் எழுத்துகளுக்காகவே அது கூடைக்குள் போயிற்று. என் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். விசாரித்து விசாரித்து அவள் வாங்கிவைத்தவை அவை. உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடமும் இன்றுவரை சொல்லவில்லை. இதையும் அவள் படிப்பாள் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அதனால்தான் அன்று தொலைபேசியில் கத்தினேன். கத்தியதற்கு மன்னித்துக்கொள். கத்தவைத்தது நீ. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

வைத்துக்கொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பால்புட்டிகள் எங்களுக்கு வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கும்போது நுண்பிளாஸ்டிக் துகள்கள் லிட்டருக்கு ஒரு கோடிக்கும் மேல் உதிரக்கூடும் என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை, ஆனாலும் எளிதில் தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பதில் நான் உன் கட்சி. காட்ஸ் (GOTS) என்ற ஆர்கானிக் துணித் தரமுத்திரை போட்ட சட்டைகளும் இருக்கட்டும். “ஆர்கானிக்” என்று அந்த முத்திரையோடு போட வேண்டுமானால் இழையில் 95 சதவீதமாவது ஆர்கானிக்காக இருக்க வேண்டும், சாயத்துக்கும் கழிவுநீருக்கும் விதி உண்டு என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். “மூங்கில் துணி” என்று போட்ட போர்வை மெத்தென்று இருக்கிறது, அதையும் வைத்துக்கொண்டோம். ஆனால் அதன் அட்டையில் இருக்கும் மூங்கில் தோப்புப் படத்தை நம்பாதே. பெரும்பாலும் அது மூங்கிற்கூழைக் கார்பன் டைசல்ஃபைடு போன்ற ரசாயனங்களில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான். அப்படிப்பட்ட துணியை வெறுமனே மூங்கில் என்று விற்ற நிறுவனங்கள் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது.

எனக்கு உண்மையில் வேண்டியது அந்தப் பெட்டியில் இல்லை. உன் பிள்ளையின் பழைய துணிகளைக் கேட்டேன். நீ புதிதாக வாங்கி அனுப்பினாய். “அது ஆர்கானிக் இல்லைடா, சாயம் எல்லாம் நச்சு” என்றாய். புதுத் துணி கசங்காமல் இருக்கப் போடும் ரெசின் பூச்சிலிருந்துதான் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் வரும். துவைக்கத் துவைக்க அது குறையும். நீ துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து, மறுபடி துவைத்த சட்டையில் மிச்சம் என்ன இருக்கப்போகிறது? துணி டயப்பர்களும் அப்படித்தான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் கணக்குப் போட்டபோது, காற்றில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் சுற்றுச்சூழலுக்கு ஆகும் கேடு நன்றாகக் குறைகிறது என்றது. இயந்திரத்தில் சூடேற்றி உலர்த்தினால் தூக்கி எறியும் டயப்பரைவிட மோசமாகவும் ஆகலாம் என்றது. ஆக, நீ மதிக்கும் கணக்கிலேயே உன் பரணில் இருக்கும் மூட்டைதான் நீ அனுப்பிய பெட்டியைவிட மேல்.

கொடுக்க மனம் வரவில்லை என்றால் அப்படியே சொல். அந்த வருடத்திலிருந்து உனக்கு மிஞ்சியது அந்த மூட்டை மட்டும்தானோ என்று சில நேரம் நினைப்பேன். அப்படியென்றால் நான் இனிக் கேட்கவே மாட்டேன், அவளும் கேட்க மாட்டாள். நச்சு என்று மட்டும் சொல்லாதே. அவன் போட்டு வளர்ந்த துணி அது.

அனுப்புவதானால், தொப்பி வைத்த சட்டைகளில் இருக்கும் கயிற்றை உருவிவிடு. தளர்ந்த பொத்தான்களை வெட்டிவிடு, நாங்கள் முடிச்சு போட்டுக்கொள்கிறோம். கறை இருந்தால் பரவாயில்லை. வாசனை திரவம் எதிலும் ஊறவைக்காதே, இயற்கையானதாக இருந்தாலும்.

தம்பி