செயின்ட் ஜான்ஸ் தீவு வழியாக வந்த தமிழர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
தேசிய மரபுடைமைக் கழகம்,
சிங்கப்பூர்.

பொருள்: செயின்ட் ஜான்ஸ் தீவு முகாமில் தங்கவைக்கப்பட்டவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தல், தீவில் தமிழ் விளக்கப் பலகைகள் வைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்நகரில் காலடி வைக்குமுன், சிங்கப்பூரின் தென்கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாங்கள் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1873ஆம் ஆண்டு சிங்கப்பூரில் காலரா பரவியதைத் தொடர்ந்து, மறு ஆண்டே இத்தீவில் தொற்றுத்தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்களும், மக்கா சென்று திரும்பிய ஹஜ்ஜுப் பயணிகளும், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்களும் இங்கே இறக்கப்பட்டார்கள். 1819 ஜனவரியில், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் கப்பல் இத்தீவருகே நங்கூரமிட்டதை நம் மாணவர்கள் அறிவார்கள். தங்கள் சொந்தக் கொள்ளுப்பாட்டனும் அதே கரையில் இறங்கியிருக்கக்கூடும் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

எண்பது வயதைக் கடந்த என் அத்தை, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தம் தாயாருடன் ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்து வந்தவர். துணிமூட்டைகளையெல்லாம் வாங்கி நீராவியில் வைத்துத் திருப்பிக் கொடுத்ததையும், ஊரில் புதிதாக எடுத்த பாவாடை சாயம் கலைந்து ஈரத்தோடு கைக்கு வந்ததையும், வரிசையில் நிற்கவைத்து அம்மை குத்தியதையும் அவர் இன்றும் சொல்வார். அடுத்த கொட்டகையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும், தங்களையும் இன்னும் சில நாள் இருத்திவிடுவார்களோ என்று தாயார் இரவெல்லாம் கண்ணுறங்காமல் இருந்தாராம். கப்பலின் பெயரையும் தேதியையும் கோப்புகளில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தாயாரின் கலக்கத்தைச் சொல்ல என் அத்தையைப் போன்றவர்களே மிஞ்சியிருக்கிறார்கள்.

முகாமோடு தீவின் கதை முடிந்துவிடவில்லை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரநிலை பிறப்பிக்கப்பட்டபின் அரசியல் கைதிகள் இங்கு அடைக்கப்பட்டனர். பின்னாளில் நம் அதிபராகப் பொறுப்பேற்ற சி. வி. தேவன் நாயரும் 1951இல் கைதாகி இங்கே வைக்கப்பட்டிருந்தவர். 1955இல் அபின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை நிலையமும், 1970களில் விடுமுறை முகாமும் வந்தன. இவ்வளவு மாற்றங்களுக்கும் நடுவே தீவையே ஊராகக் கொண்டு வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் பின்னர் சிங்கப்பூர்ப் பெருந்தீவுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுடைய நினைவுகளை விட்டுவிட்டு இத்தீவின் வரலாற்றை எழுதினால் அது முழுமையாகாது என்பதையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே, 1979 முதல் செயல்பட்டுவரும் வாய்மொழி வரலாற்று நிலையத்துடன் தங்கள் கழகம் கைகோத்து, அத்தீவு வழியாக வந்த தமிழ் முதியவர்களையும் அங்கே வாழ்ந்த மலாய்க் குடும்பத்தினரையும் அவரவர் தாய்மொழியிலேயே பேசவைத்து ஒலிப்பதிவு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். முதியவர்களால் வெளியே வர இயலாத இடங்களில் பதிவாளர்கள் வீட்டுக்கே செல்ல ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும். அப்பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள், படகுத்துறையிலும் முகாம் இருந்த பகுதியிலும் தமிழ் உள்ளிட்ட நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பலகைகளாக இடம்பெற வேண்டும். இந்திய மரபுடைமை நிலையத்தில் இதையொட்டிச் சிறு கண்காட்சி ஒன்றுக்கும் இடமளித்தால், குடும்பங்களிடம் உள்ள பழைய கடப்பிதழ்களையும் டிரங்குப் பெட்டிகளையும் இரவல் தரப் பலர் ஆயத்தமாக இருக்கின்றனர்.

மற்றவற்றுக்குக் காலம் எடுத்தாலும், ஒலிப்பதிவுப் பணியை மட்டும் இவ்வாண்டிலேயே தொடங்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். பேச முன்வரும் முதியவர்களின் விவரங்களை, அவர்களது இசைவைப் பெற்று, தாங்கள் குறிப்பிடும் அதிகாரியிடம் நேரில் ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள் சார்பில்,
ஈசூன் வட்டாரவாசி ஒருவர்.