எங்களை எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கட்டுரையாளர் நான்சி மேர்ஸ் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். அவரைத் தமிழில் அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் 'நம்பிக்கையால் நோயை வென்ற பெண்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அவர் நோயை வெல்லவே இல்லை. முப்பதை எட்டும் முன்பே வந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், 2016-ல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்தது. முதலில் ஊன்றுகோல், அப்புறம் சக்கர நாற்காலி. அதோடு மனைவியாக, தாயாக, எழுத்தாளராக எப்படி வாழ்ந்தார் என்பதைத்தான் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

அவருடைய பேர்பெற்ற கட்டுரை ஒரு கழிப்பறையில்தான் தொடங்குகிறது. பின்பக்கமாகச் சாய்ந்து, உடுத்திய உடையோடு இருக்கையில் விழுகிறார். பக்கத்தில் யாருமில்லை. வாய்விட்டுச் சிரிக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குச் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதம். காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரை மாட்டி, கட்டை ஊன்றி, பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். வெளியூர் போவதென்றால் முதல்நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் படியேறி, ஈரத்தரையில் கட்டை வழுக்காமல் நின்று, மடக்க முடியாத காலோடு என்ன செய்வது? அதுவும் மாதவிலக்கு நாளில்? இதை எந்த நிருபரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் கேட்டது, "உங்கள் தன்னம்பிக்கையின் ரகசியம் என்னம்மா?"

பக்தி விஷயத்துக்கு வருகிறேன். புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் வளர்ந்த மேர்ஸ், பிறகு கத்தோலிக்கரானவர். 'ஏன் எனக்கு மட்டும்' என்று கடவுளைக் கேட்பதுண்டா என்று அதே நோயுள்ள நண்பர் கேட்டாராம். கேட்கப் போனால் 'ஏன் உனக்கு வரக் கூடாது' என்றுதான் பதில் தோன்றுகிறது என்றார் இவர். குணப்படுத்த வழி வந்தால் ஏற்றுக்கொள்வேன், அது வந்தால்தான் வாழ முடியும் என்றில்லை என்றும் எழுதினார்.

இங்கே பிராகாரத்தில் உட்கார்ந்தால் போன ஜென்மத்து வினை என்று உச்சுக் கொட்டுகிறார்கள். வீதிக்கு வந்தால் சுகமளிக்கும் ஜெபக் கூட்ட நோட்டீஸைக் கையில் திணிக்கிறார்கள். ஒரு கோயிலில், காலிப்பரின் அடியில் ஷூ இருக்கிறது, கழற்றுங்கள் என்றார்கள். கழற்றினால் என்னால் நிற்க முடியாது. சுடுகிற கல்தளத்தில் கையூன்றி நகர்ந்து போய்க் கும்பிட்டேன்.

நான் கும்பிடுவது மீனாட்சியை. மதுரைக்காரர்களுக்குக் கதை தெரியும். வேள்வித் தீயில் மூன்று மார்பகங்களோடு தோன்றிய குழந்தை. மலயத்துவச பாண்டியன் கலங்கினான். கணவனைக் கண்டதும் ஒன்று மறையும் என்றது அசரீரி. ஊர் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "கழுத்தில் தாலி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எனக்கும் சொன்னார்கள். அதே அசரீரிதான் அவளுக்கு முடிசூட்டு என்றும் சொன்னது. சித்திரைத் திருவிழாவில் இன்றைக்கும் முதலில் பட்டாபிஷேகம், அடுத்து திக்விஜயம், அப்புறம்தான் திருக்கல்யாணம். அந்த உடம்போடுதான் அவள் செங்கோல் பிடித்தாள், திசையெல்லாம் வென்றாள். சிறுவயதிலிருந்து கேட்ட கதையில் இந்த வரிசை என் கண்ணில் பட்டது மேர்ஸைப் படித்த பிறகுதான்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். மேர்ஸ் இறந்ததும் ஒரு டிசம்பர் 3-ல்தான். வழக்கமாக அன்றைக்கு மூன்று சக்கர வண்டி வழங்கும் படமும், ஒரு சாதனைப் பெண்ணின் பேட்டியும் வரும். இந்த முறை பேட்டி வேண்டாம், எங்களையே எழுதச் சொல்லுங்கள். கோபம், ஆசை, கல்யாணம், பிள்ளை, சாமி எல்லாவற்றையும் எழுதுவோம். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் எழுதக்கூடிய பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்திக்குப் பார்வை இல்லை; செல்போனில் பேசிப் பேசியே பக்கம் பக்கமாக எழுதுகிறாள். அவற்றைத் தன்னம்பிக்கைப் பகுதியில் ஒதுக்காமல் நடுப்பக்கத்தில் போடுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். கோபத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வில்லாபுரம், மதுரை