அரசியின் பலம் அந்தப்புரத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஐரோப்பிய இடைக்கால அரசிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அரசரின் மனத்தைத் திரைமறைவில் கரைப்பதும் ஆண் வாரிசைப் பெறுவதுமே அவர்களுடைய பலம் என்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. வருமானம் எந்த வழியில் வந்தது, கையில் நியமன ஆணை இருந்ததா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றியை 1445-இல் மணந்தவர் ஆன்ஜூ மார்கரெட். மறுஆண்டு அவருக்கு ஒதுக்கப்பட்ட மானியம் ஆண்டுக்கு 10,000 மார்க், அதாவது 6,666 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். இதில் 2,000 பவுண்டு, அரசருக்குச் சொந்தமான லங்காஸ்டர் டச்சி என்ற பண்ணை நிலங்களின் வரவு, அதை நம்பலாம். கருவூலம் தர வேண்டிய பங்குதான் சிக்கல். அரசரே கடனில் இருந்ததால் அது இழுத்தடிக்கப்பட்டது. ‘அரசியின் பொன்’ என்றொரு வரவும் உண்டு: சலுகையோ உரிமையோ வேண்டி ஒருவர் அரசருக்கு 100 மார்க் கட்ட ஒப்புக்கொண்டால், அதற்கு மேல் அரசிக்கு 10 மார்க். 10 மார்க்குக்குக் குறைந்த தொகைக்கு இது கிடையாது. கட்டாமல் நழுவியவர்கள் ஏராளம். அதனால்தான் அரசிக்கெனத் தனி ஆலோசனை மன்றமும் வரவுக் கணக்கர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் 1453 ஆகஸ்டில் ஹென்றி சித்தம் கலங்கியபோது மார்கரெட்டின் கை ஓங்கவில்லை. 1454 ஜனவரியில் ஐந்து அம்சக் கோரிக்கை வைத்து ஆட்சிப் பொறுப்பைக் கேட்டார். மார்ச்சில் பிரபுக்கள் யார்க் கோமகனை, அரசருக்குப் பதிலாக நாட்டைக் கவனிக்கும் பாதுகாவலராக்கினார்கள். அவர்களிடம் முன்னுதாரணம் இருந்தது: 1422-இல் இதே ஹென்றி கைக்குழந்தையாக அரசரானபோதும் பாதுகாவலரும் மன்றமும் ஆள, தாய் கேத்தரினுக்கு ஆட்சியில் இடம் தரப்படவில்லை. ஷேக்ஸ்பியர் தீட்டிய ‘பெண் ஓநாய்’ படத்தை வைத்து மார்கரெட்டின் குணத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்றைய ஸ்பெயினின் கிழக்கில் இருந்த ஆரகன் அரசில் நிலைமை வேறு. அதன் அரசர் ஐந்தாம் அல்போன்சோ 1432-இல் இத்தாலிக்குக் கப்பலேறினார், திரும்பவே இல்லை. அவருடைய மனைவி, காஸ்டீலின் மரியா, 1453 வரை அந்த அரசின் ஒரு பகுதியான கட்டலோனியாவை, லெப்டினன்ட் ஜெனரலாக, அதாவது அரசரின் பதிலாளாக ஆண்டார். 1420 முதல் 1423 வரையும் அதே பதவியை வகித்தவர். நீதி வழங்குவதும் ‘கோர்ட்ஸ்’ என்ற பிரதிநிதிகள் சபையைக் கூட்டுவதும் அந்த ஆணைக்குள் அடங்கியவை. 1435-இல் பொன்சா கடற்போரில் அல்போன்சோ ஜெனோவாவிடம் சிறைப்பட்டதும், மொன்சோன் நகரில் சபையைக் கூட்டியவர் மரியாதான்.

பலவீனமும் அந்த ஆணையிலேயே இருந்தது. அதைக் கொடுத்த அரசர் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ஒரு கடிதத்தால் மரியாவின் முடிவை மாற்றலாம். நிலத்தோடு பிணைக்கப்பட்ட ரெமென்சா குடியானவர்கள் கூடிப் பேச 1448-இல் அரசர் அனுமதி தந்தார். கொதித்தெழுந்த நிலப்பிரபுக்களை நேரில் சமாளிக்கும் வேலை மரியாவின் தலையில் விழுந்தது.

கட்டுரையாளர் வாரிசைப் பெரிதாகப் பேசுவதால் ஒன்று: மார்கரெட்டுக்கு 1453 அக்டோபரிலேயே மகன் பிறந்துவிட்டான். மரியாவுக்குக் குழந்தையே இல்லை.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர், திருச்சி