பி.எஃப். எழுதிப்போடும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூரில் நிறையப் பேர் கம்பெனி மாறுவார்கள். மாறிய கையோடு பிரவுசிங் சென்டருக்குப் போய் பி.எஃப். பணத்துக்கு எழுதிப்போடுவார்கள். எங்கள் லைன் வீட்டுப் பையன் ஒருவனும் போன வாரம் அதற்குத்தான் கிளம்பினான். நாலு வருட சர்வீஸ். "பென்ஷன் காசையும் சேத்தே எடுத்து வண்டிக்கு முன்பணம் கட்டிரலாம்னு இருக்கறனுங்க மாமா" என்றான். அவனைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓவர்லாக் டெய்லர். 1995 நவம்பரில் தொழிலாளர் பென்ஷன் திட்டம் வந்தது முதல் 2015 வரை மூன்று கம்பெனிகளில் தைத்தேன். பி.எஃப். பிடித்த வருடங்களைக் கூட்டினால் 18. ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலிருந்து நிற்கும்போதும் பி.எஃப். பணத்துக்கான 19, பென்ஷன் பங்குக்கான 10சி என இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு மொத்தத்தையும் வாங்கிவிட்டேன். 2001-ல் எடுத்தது மகளின் தெரட்டிச் (பூப்பு நீராட்டு) சீருக்கு. 2008-ல் பென்ஷன் பங்கு மட்டும் 26,000 ரூபாய் சொச்சம் வந்தது, கடனை அடைத்தேன். மூன்றாவது முறை எடுத்தது எதற்குப் போனதென்றே நினைவில்லை. பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன் என்பதும், எடுக்க எடுக்கப் பழைய சர்வீஸ் அழிந்துபோகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது 62 வயதில் வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறேன். கறுப்பு பனியனில் கறுப்பு நூல் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. மனைவி விரலால் தடவிக் காட்டுவாள், நான் வெட்டுவேன்.

என் பக்கத்து மிஷினில் தைத்தவர் பணத்தை எடுக்காமல், கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டே போனார். அவருக்கு மாதாமாதம் பேங்கில் விழுகிறது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்பது பெரிய அநியாயம்தான். ஆனாலும் அவர் காலத்துக்குப் பிறகு அவர் மனைவிக்குப் பாதியாவது வரும். என் மனைவிக்கு என்ன வரும்?

தம்பிகளே, தங்கச்சிகளே, 10சி படிவம் பணம் எடுக்க மட்டுமல்ல. அதே படிவத்தில், பணத்துக்குப் பதிலாகப் பழைய சர்வீஸுக்குச் சான்றான 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்கலாம். பழைய சர்வீஸ் அடுத்த கம்பெனி சர்வீஸோடு சேரும். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டால் பழைய கணக்கை அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொண்டாலே போதும். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று முடை வந்தால் பி.எஃப். கணக்கில் அட்வான்ஸ் எடுங்கள். பென்ஷனில் கை வைக்காதீர்கள்.

என் மருமகள் வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறாள்; பி.எஃப். கிடையாது. 30 வயதில் அவளை அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். மாதம் 577 ரூபாய் கட்டிவந்தால் 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய். 18 வயதில் சேர்ந்திருந்தால் 210 ரூபாய்தான். 40 வயது தாண்டினால் சேரவே முடியாது.

10சி படிவத்தை நிரப்பும் விதத்தைத் தங்கள் நாளிதழில் ஒருநாள் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன். அதை வெட்டி எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் வாசலில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருவர்,
திருப்பூர்.